இம்மொபிலைசருக்குப் பொட்டு வைத்த நாள்

ஓய்வு பெற்ற பிறகு மனிதர்கள் தக்காளி வளர்ப்பார்கள், அல்லது ஏதாவது சங்கத்துக்குத் தலைவராவார்கள். எனக்கு இரண்டிலும் ஆர்வமில்லை. ஸ்காபரோவில் எங்கள் வரிசைவீட்டின் கராஜில் ஒரு கார் கட்டினேன். பழைய சிறிய கார் ஒன்றின் அடிச்சட்டம், பெட்டிகளில் வந்த ஃபைபர்கிளாஸ் உடம்பு, மிச்சமெல்லாம் ஸ்க்ராப் யார்டில் பொறுக்கியது. மூன்று குளிர்காலங்கள் எடுத்தன. இங்கே வருவதற்கு முன் ஊரில் நான் மோட்டார் வாகனப் பரிசோதகர். அடுத்தவர் வாகனத்தில் குறை கண்டுபிடித்தே முடி நரைத்தவன். ஒரு முறையாவது குறை கண்டுபிடிக்கப்படும் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டுமென்று ஆசை.

கார் பரிசோதனையில் தேறிவிட்டது. இன்ஷூரன்ஸ்காரர்கள்தான் ஒரு கடிதம் எழுதினார்கள். வீட்டில் கட்டிய காரென்றால் எலெக்ட்ரோனிக் இம்மொபிலைசர் இருக்க வேண்டும். அதாவது, உரிய சாவி இல்லாமல் என்ஜினை ஸ்டார்ட் ஆகவிடாத கருவி. காரை அணைத்ததும் அது தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும். பொருத்தியது சரியென்று ஓர் எலெக்ட்ரீஷியன் கையெழுத்திட வேண்டும். நிபந்தனைகள் நிறைந்த கடிதம் எனக்குப் பாயாசம் மாதிரி. இரண்டு முறை வாசித்தேன்.

மனைவிக்கு விளக்கினேன்.

“அப்ப காரை நிப்பாட்டுறதுக்கு ஒரு சாமான் வாங்கப் போறியள்.”

“கள்ளன் எடுத்தால் நிப்பாட்டும்.”

“கள்ளனும் நீங்களும் ஒண்டெண்டு அது நினைச்சால்?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முடித்துவிட்டார். “ஒருக்கா மக்கர் பண்ணினால் காணும். நான் இறங்கி பஸ்ஸில போவன். பிறகு உந்தக் காரில ஏறமாட்டன்.”

அவர் வெருட்டுகிறவர் அல்லர், சொன்னதைச் செய்கிறவர். முழங்கால் நோவோடு தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர்; அவருக்கென்று பக்கத்து இருக்கையை இரண்டு அங்குலம் உயர்த்திக் கட்டியிருந்தேன். அந்த இருக்கை வெறுமையாக ஓடுமானால், மூன்று குளிர்காலமும் வீண்.

ஆகவே அவரை மனதில் வைத்தே தேர்ந்தெடுத்தேன். எண்களை அழுத்தும் வகை வேண்டாம்; கையுறையோடு அழுத்தினால் மூன்று எண்கள் ஒன்றாகப் பதியும். ரிமோட்டும் வேண்டாம், ஜனவரியில் அதன் பற்றரி என்னைப் போலவே சோம்பிவிடும். கடைசியில் தொடுசாவி வகையை எடுத்தேன். டாஷ்போர்டில் பத்துச் சதக் காசு அளவில் ஒரு பளபளப்பான உலோகக் குழி. சாவிவளையத்தில் ஓர் உலோகப் பொத்தான். பொத்தானைக் குழியில் தொட்டால் பூட்டு விலகும், என்ஜினை ஸ்டார்ட் பண்ணலாம். பற்றரி இல்லை, ஓடும் என்ஜினில் தலையிடாது.

கள்ளனைக் குழப்புவதற்காக வயர்கள் எல்லாம் கறுப்பு நிறத்தில் வந்தன. நான் ஒவ்வொன்றிலும் பழைய தமிழ் எண்களை எழுதி ஒட்டினேன், கள்ளனுக்கு விளங்காதென்று. மறுநாள் எனக்கே ௭ எது, ௯ எது என்று அகராதி பார்க்க வேண்டியிருந்தது. ரெக்ஸ்டேலில் இருந்து வந்து சோதித்த எலெக்ட்ரீஷியன் தம்பி அவற்றைப் பார்த்துவிட்டு, “அண்ணை, உது மந்திரமோ?” என்று மட்டும் கேட்டார். பிறகு ஒவ்வொரு இணைப்பையும் இழுத்துப் பார்த்துக் கையெழுத்திட்டார்.

மனைவியின் முதல் பயணம் கோயிலுக்கு. அந்நாளில் எங்கள் கோயில் ஒரு பழைய பண்டகசாலை. வாசலில் வாகனப் பூசைக்கு என் பின்னால் இன்னும் இரண்டு கார்கள். நான் என்ஜினை அணைத்தேன். ஐயர் மந்திரம் சொல்லி, மாலை போட்டு, ஸ்டியரிங்குக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, நான்கு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்தார்.

“எடுங்கோ,” என்றார்.

பொத்தானைத் தொட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. குழியைப் பார்க்காமலே, கைப்பழக்கத்தில் மறுபடி தொட்டேன். பூட்டியிருக்கிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு நிதானமாகக் கண்சிமிட்டியது. பின்னால் நின்ற புது வான் வண்டியில் இருந்தவர் தலையை வெளியே நீட்டினார்.

“அண்ணை, தேசிக்காய் ரெடி. கார்தான் ரெடியில்லை போல.”

சிலர் சிரித்தார்கள். நான் பியூஸ், பற்றரி, எர்த் என்று பரிசோதகர் ஒழுங்கில் பார்த்தேன். எல்லாம் சரி. பக்கத்து இருக்கையில் இருந்த மனைவியின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. அந்தச் சோதனை என் ஒழுங்கில் இல்லை. கோயில் வாசலில் இருந்த காசுப் போனில் ரெக்ஸ்டேல் தம்பிக்கு எடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

“அண்ணை, ஐயர் எங்கையெல்லாம் பொட்டு வைச்சவர்?”

நான் போனைத் தொங்கவிட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். அந்தக் குழி முட்டச் சந்தனம், நடுவில் அழகாகக் குங்குமம். ஐயரில் பிழையில்லை. டாஷ்போர்டின் நட்டநடுவில், வட்டமாக, பளபளவென்று ஒன்றை வைத்தவன் நான். அதைப் பார்க்கும் எந்தத் தமிழ்க் கையும் அங்கேதான் போகும்.

திரும்பி வந்து போனில் சொன்னேன். “தண்ணி போடாதேங்கோ,” என்றார். “காஞ்ச துணியால துடையுங்கோ. உலோகம் உலோகத்தில பட்டால் காணும்.” அவர் சிரிக்கவில்லை. அந்த ஒரு பண்புக்காகவே இன்றைக்கும் அவருக்கு நன்றியாக இருக்கிறேன்.

என் விரல் அந்தக் குழிக்குப் பெரிது. மனைவி தலையிலிருந்து கொண்டையூசியைக் கழற்றி, கைலேஞ்சித் துணியின் முனையை அதில் சுற்றி, குழியைச் சுற்றிச் சுற்றித் துடைத்தார். வழித்த சந்தனத்தை வீணாக்காமல் என் நெற்றியில் பூசினார். பொத்தானைத் தொட்டேன். விளக்கு அணைந்தது. என்ஜின் பிடித்தது, தேசிக்காய்கள் நசிந்தன, வான்காரர் கை தட்டினார்.

மார்க்கம் றோட்டில் ஏறிய பிறகுதான் கேட்கத் துணிவு வந்தது. “அந்த இருபது நிமிசமும் நீர் இறங்கேல்லையே. பஸ் ஸ்ரொப் எதிரிலதானே இருந்தது.”

“இறங்கினால், நீங்கள் கட்டினது பிழையெண்டு ஆக்கள் நினைச்சிருப்பினம்,” என்றார். பிறகு இருக்கையில் சாய்ந்து காலை நீட்டினார். “முழங்காலுக்குச் சுகமாக்கிடக்கு. நாளைக்கு என்னை வேலைக்குக் கொண்டுபோய் விடுங்கோ.”