நாளை வரப்போகிறவரின் கட்டில்

பக்கவாதம் வந்தவரை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும் முன், வீட்டில் இருப்பவர்களுக்கு அவரைப் பார்த்துக்கொள்ளத் தெரியுமா என்று நேரில் போய்ப் பார்ப்பது பிசியோதெரபிஸ்டான என் வேலை. இன்று மத்தியானம் முகத்துவாரக்குப்பத்தில் கஸ்தூரி அக்கா வீடு. அவர் கணவர் நாளைக்குத்தான் வருகிறார்.

ஆனால் கட்டிலில் ஒருவர் படுத்திருந்தார்.

பழைய மீன்வலையைச் சுருட்டி, கணவருடைய சட்டைக்குள்ளும் லுங்கிக்குள்ளும் திணித்து அக்கா செய்த ஆள்.

"பயகிக்கோன்னு நீங்கதானே சொன்னீங்கோ மேடம்."

சொன்னேன்தான். தலையணையை வைத்துப் பழகச் சொன்னேன்.

புரட்டிக் காட்டச் சொன்னதும், பிசகில்லாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகுக்குத் தலையணையை அண்டக் கொடுத்தார். செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கக் கூடாது என்பது தெரிகிறதா பார்க்க, நானே அந்த வலை ஆளின் இடது கையை இழுத்தேன்; அவர் கணவருக்கு விழுந்த பக்கம் அதுதான்.

"வுடுங்க மேடம். அவருக்கு நோவும்."

சட்டைக் காலர் ஈரமாக இருந்தது. கஞ்சி வாசனை.

"ஊட்டிக்கூடப் பார்த்தீங்களா அக்கா?"

"மொதல்ல பொரை ஏறிக்கினே இருந்துச்சி. இப்போ நல்லா முயுங்குறாரு."

அக்கா சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை.

குறை சொல்ல ஒன்றுமே இல்லை. "நீங்க தயார்தான் அக்கா" என்று எழுந்தேன். வாசல்வரை வந்தவர், கட்டிலுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"நாளிக்கு அவரு வந்துட்டா, இவர எங்க மேடம் படுக்க வெக்கிறது?"

எங்கள் படிப்பில் இதற்குப் பாடம் இல்லை. பதில் தெரிந்தவர்கள் கீழே கமெண்ட்டில் சொல்லுங்கள். நான் கட்டில் பக்கம் திரும்பி, "வரேங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.