ஜீவராணி நகர்த்திய படைப்பிரிவு

ஒரு படைப்பிரிவின் வரலாற்றை அதை நடத்திய தளபதிகளின் பெயர் சொல்லி எழுதுவதுதான் வழக்கம். இலங்கை விமானப்படையின் ஒன்பதாவது நடமாடும் தளப் பிரிவுக்கு அப்படி எழுதினால் கடைசி அத்தியாயம் யாருக்கும் விளங்காது. அதை ஜீவராணியைச் சொல்லித்தான் எழுத வேண்டும். அவர் பசறைக்கு மேலே லில்லிமோர் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி.

பிரிவின் தொழில் எளிமையானது. எந்த வெற்றுத் தரையைக் காட்டினாலும் நாற்பத்தெட்டு மணி நேரத்தில் அதை ஹெலிகொப்டர் இறங்கும் தளமாக்கிவிட வேண்டும். கூடாரம், ஜெனரேட்டர், எரிபொருள் பீப்பாய், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டும் துணிக்குழாய் எல்லாம் லொறியிலேயே வரும். போர்க்காலத்தில் தொடங்கிய பிரிவு இது. முதல் தடவை அனுப்பிய இடத்தில் ஏற்கெனவே ஒரு தளம் இருந்தது. இரண்டாம் தடவை போய்ச் சேர்ந்தபோது வெள்ளம் வடிந்து, மக்கள் பாயைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் தடவை லில்லிமோருக்கு. சரியான நேரத்தில், சரியான இடத்துக்கு வந்தது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அந்தக் கார்த்திகை மழையில் மலை இறங்கி தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் இரண்டை மூடியிருந்தது. மூன்று உயிர் போயிற்று. தொடக்க நாட்களில் அந்தப் பையன்கள் சேற்றில் இறங்கிச் செய்த வேலையைக் கிண்டல் செய்ய எனக்கு நாக்கு வராது. கிண்டலுக்கான காலம் பிறகு வந்தது. வீடிழந்த குடும்பங்கள் மூடிக்கிடந்த பழைய தேயிலைத் தொழிற்சாலையின் மேல்தட்டில் சேலையை மறைப்பாகக் கட்டிக் குடியேறின. தோட்டத்தில் மலை இறங்காத ஒரே சமதரை விளையாட்டு மைதானம். வீடு கட்ட அதைத்தான் அரசாங்கம் ஒதுக்கியது. கூடாரம் அடிக்க அதைத்தான் பிரிவும் தேர்ந்தெடுத்திருந்தது.

மைதானம் காலியானால்தான் காணியை அளப்போம் என்றது பதுளையிலிருந்த காணிக் கந்தோர் என்ற நில அலுவலகம். மக்களுக்கு வீடு கிடைத்தால்தான் நிவாரணப் பணி முடிந்ததாக எழுதி, பிரிவை நகர்த்த முடியும் என்றது மேலிடம். இரண்டும் நியாயமான பேச்சு. இரண்டு நியாயத்துக்கும் நடுவில் ஜீவராணி பதினைந்து மாதம் நடந்தார். அவருக்குச் சிங்களம் நன்றாக வரும். கோபம் அதைவிட நன்றாக வரும். அதனால் மக்கள் அவரைக் கமிட்டித் தலைவி ஆக்கியிருந்தார்கள்.

பிரிவின் தலைவர் ஸ்குவாட்ரன் லீடர் எக்கநாயக்க நல்ல மனிதர். அதுவே பெரிய தொல்லை. கெட்டவராக இருந்தால் சண்டையாவது பிடிக்கலாம்.

"மாத்தயா, நீங்க எப்பப் போவீங்க?"

"நீங்க வீடு கட்டின பொறகு, அம்மே."

"நீங்க போனாத்தானே கட்டலாம்?"

"அது சரி," என்பார் அவர், மனதார. "டீ குடிக்கிறீங்க?"

மாதம் ஒருமுறை பிரிவுக்கு நகர்வுப் பயிற்சி நடக்கும். கூடாரங்களைப் பிடுங்கி, ஜெனரேட்டரை ஏற்றி, லொறிகளை வரிசை கட்டித் தோட்டத்து வாசல் வரை கொண்டுபோவார்கள். அங்கே நேரம் பார்த்து, ஒருவருக்கொருவர் சல்யூட் அடித்து, திரும்பி வந்து மறுபடியும் கூடாரம் அடிப்பார்கள். முதல் பயிற்சியைப் பார்த்த ஜீவராணி, போயே விட்டார்கள் என்று தேங்காய் உடைத்துவிட்டார். சாயந்தரம் லொறிகள் திரும்பி வந்தபோது, சிதறுதேங்காய் பொறுக்கிய பிள்ளைகள் மட்டும்தான் சந்தோஷமாக இருந்தார்கள்.

மாசி வந்தது. மலை இறங்கிய துக்கத்தில் போன மாசியில், மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்து வைக்கவில்லை. இந்தத் தடவை விட முடியாது என்றார் மருதை. கூத்து வாத்தியார் அவர். ஜீவராணியின் கணவரும் அவரே. கோயில் பொட்டலில் காமன் கம்பத்தை ஊன்றிக் கையில் காப்புக் கட்டிக்கொண்டால், பௌர்ணமியில் காமனை எரிக்கும் வரை கவிச்சி தொடக்கூடாது, தோட்டத்து எல்லை ஓடையைத் தாண்டக்கூடாது. கம்பம் ஊன்றும்போது தோட்டத்து நிர்வாகியான துரையை முன்னால் நிறுத்துவது தோட்டத்து மரியாதை. துரை கொழும்பில் இருந்தார். அந்த மரியாதை எக்கநாயக்கவுக்குப் போயிற்று.

அவர் பயபக்தியோடு கையை நீட்டினார். அவர் ஊர்ப் பன்சலையில், அந்தப் பௌத்த விகாரையில், பிரித் மந்திரம் ஓதி முடிந்ததும் கட்டுகிற வெள்ளை நூலைப் போல இதுவும் ஒன்று என்று நினைத்துவிட்டார். அந்த நூலுக்கு நிபந்தனை கிடையாது. கட்டிக்கொண்டு எங்கும் போகலாம். இவர்களோ, படித்த மனிதர் எல்லாம் தெரிந்துதான் கையை நீட்டுகிறார் என்று நினைத்தார்கள். ஒருவரை ஒருவர் மதித்ததால் யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

அதே வாரம், பதினைந்து மாதமாக வராத உத்தரவு வந்தது. கிழக்கே வெள்ளம். பிரிவு உடனே நகர வேண்டும்.

பழகிய வேலைதானே, கூடாரங்கள் பறந்தன. தலைவரின் ஜீப் முதலில் போக வேண்டும் என்பது பிரிவின் விதி. ஜீப் எல்லை ஓடைப் பாலத்துக்கு வந்தபோது மருதையும் காப்புக் கட்டிய ஆட்களும் குறுக்கே நின்றார்கள்.

"மாத்தயா, கையில காப்பு இருக்குங்க. தாண்டக் கூடாது."

விஷயத்தைக் கேட்டதும் எக்கநாயக்கவின் முகம் வெளுத்தது. மேலிடத்துக்கு அறிவிக்கும் முன்னே அம்மாவுக்கு போன் போட்டார். தெய்வத்துக்குக் கொடுத்த வாக்கை மீறினால் வீட்டு வாசல் மிதிக்காதே என்று அம்மா சொன்னது ஒலிபெருக்கி இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது. அவர் ஜீப்பை விட்டு இறங்கினார். பின்னால் லொறியிலிருந்த சமையல்காரர் அடுப்பையும் இறக்கத் தொடங்கினார்.

செய்தி கேட்டு ஜீவராணி முதுகில் கொழுந்துக் கூடையோடு மலையிலிருந்து ஓடி வந்தார்.

"யோவ் மனுசா! போறேன்னு நிக்கிறவங்கள மறிச்சிக்கிட்டு நிக்கிறியே, ஒனக்கு வீடு வேணாமா?"

"வேணும். ஆனா காப்போட ஒருத்தரு தாண்டிப் போயி, மறுபடியும் மல எறங்கினா? நீயா பதில் சொல்லுவ?"

மூன்று பேரைப் புதைத்த ஊர் அது. மூடநம்பிக்கை என்று பதுளையில் இருந்துகொண்டு சொல்வது எளிது. அந்தப் பாலத்தில் நின்றிருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

ஜீவராணி குரலைத் தாழ்த்தினார். "காப்புக் கட்டின வீட்ல சாவு விழுந்தா என்ன செய்வீங்க?"

"மாத்திக் கட்டுவோம். வேற ஆளு கைய நீட்டணும்."

மருதை சுற்றிப் பார்த்தார். காப்பில்லாத ஆண்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். ஒருவருக்குப் பசறையில் வேலை. இன்னொருவர் கோழிக்கறி இல்லாமல் இருக்கமாட்டாராம். மற்றவர்கள் ஓடையைப் பார்த்தார்கள்.

"சரி, எனக்குக் கட்டு," என்றார் ஜீவராணி.

"பொம்பளைக்கா? யாரும் கட்டினதில்ல!"

"கூத்துல ஆம்பள சேலையக் கட்டிக்கிட்டு ரதின்னு வந்து அழுவுறத ஏத்துக்கிற சாமி, என் கையத்தான் வேணாம்னு சொல்லப் போவுதா? கட்டுய்யா, லொறி எண்ணெ வீணாவுது."

மருதை சாமியை நினைத்து ஒருகணமும் மனைவியை நினைத்து ஒருகணமும் நின்றார். பிறகு காப்பு கை மாறியது. எக்கநாயக்க பாலத்தைத் தாண்டும் வரை ஜீப்பில் ஏறவில்லை. பூட்ஸையும் கழற்றிவிட்டு நடந்தே தாண்டினார். ஒன்பதாவது பிரிவு தன் வரலாற்றில் முதல் தடவையாக, போன வழியில் திரும்பி வரவில்லை.

காணிக் கந்தோரும் சுறுசுறுப்பாகி, ஆளனுப்பி மைதானத்தை அளந்துவிட்டது. வரும் திங்கட்கிழமை பதுளையில் சீட்டுக் குலுக்கிக் காணித்துண்டு பிரிப்போம், குடும்பத்தில் ஒருவர் நேரில் வர வேண்டும், வராதவர்களுக்கு அடுத்த திட்டத்தில் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பினார்கள். அடுத்த திட்டம் என்றால் என்ன என்று தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

காமன் எரிய இன்னும் நாள் கிடந்தது. ஜீவராணியின் வீட்டில் இரண்டு பேர். இரண்டு பேர் கையிலும் காப்பு. மைதானத்தைக் காலி செய்தவருக்கு மைதானத்தில் இடமில்லாமல் போகும் நிலை. அவர் கந்தோருக்கு போன் போட்டார். எடுத்தவர் ரஜீவ் என்ற இளம் உத்தியோகத்தர்.

"அக்கா, சட்டப்படி நீங்கதான் வரணும்."

"தம்பி, நான் ஓடையத் தாண்ட முடியாது. நீங்க தாண்டலாம், ஒங்க கையில ஒண்ணும் இல்ல."

"ஒருத்தருக்காக கந்தோரைத் தூக்கிக்கிட்டு வர முடியுமா?"

"ஒருத்தரு இல்ல. ஒருத்தரும் வரமாட்டோம்."

மற்றப் பெண்கள் உண்மையிலேயே பஸ் ஏற மறுத்துவிட்டார்கள். ஒற்றுமை என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அவர்கள் சொன்ன காரணம் வேறு: கந்தோரில் சிங்களத்தில் ஏதாவது கேட்டால் ஜீவராணி இல்லாமல் யார் பதில் சொல்வது?

ஆளில்லாமல் குலுக்கினால் மேலிடத்துக்கு என்ன எழுதுவது என்று தெரியாத கந்தோர், திங்கட்கிழமை காலை ஒரு ஜீப்பில் ஏறி, வளைவு வளைவாகச் சுற்றி, வாந்தி எடுத்த ரஜீவோடு லில்லிமோருக்கு வந்து சேர்ந்தது. ஒரு பிஸ்கட் டின்னில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார்கள். ஜீவராணிக்கு மைதானத்தின் கோயில் பக்கத்து ஓரத் துண்டு விழுந்தது. நல்ல இடமுமில்லை, மோசமுமில்லை.

"எல்லைக்கல்லுகளை ஜீப்பில போட்டுத்தான் கொண்டு வந்தேன்," என்றார் ரஜீவ். "ஆனா எல்லாரும் அவசரப்பட வேணாம். வேணும்னா பிறகு வந்து நடுவோம்."

"இன்னிக்கி அஷ்டமி," என்றார் மருதை. "கல்லு நட நாள் சரியில்ல."

ஜீவராணி ஜீப்பிலிருந்து ஒரு கல்லைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"நீங்க ரெண்டு பேரும் நிண்டு நாள் பாருங்க. நான் நட்டுட்டு வாறேன்."