குழாயில் நின்ற தூண்டில்

பிள்ளைகளே, பழிவாங்கக் கூடாது என்றுதான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஆனால் எழுபதுகளில், மெல்பேர்ண் கடலில் நான் ஒருமுறை பழிவாங்கினேன்.

மெல்ல ஓடும் படகில் நான்கு தூண்டில்களை ஒன்றாக இழுத்துப்போவதென்றால் தடிகளை நிறுத்தத் தாங்கி வேண்டும். நான் மலிவான பிளாஸ்டிக் குழாயை வெட்டி, படகின் பலகையில் துளைபோட்டுத் திருகாணியால் முடுக்கினேன். என் மனைவியின் தமையன் கடையில் வாங்கிய பளபளப்பான தாங்கிகளை விளிம்பில் சும்மா கவ்வவிட்டார்.

“என்ன மச்சான், கக்கூஸ் பைப்பைக் கழட்டிக்கொண்டு வந்திட்டியோ?” என்றார். படகில் கூட வந்த மனைவியும் சிரித்தாள். எனக்குப் பற்றி எரிந்தது. மீனை மறந்து, அவருடைய தாங்கி எப்போது கழலும் என்று அதையே பார்த்திருந்தேன்.

அவருடைய தூண்டிலை ஏதோ பெரிய மீன் இழுத்தது. தாங்கி தடியோடு கடலுக்குள் போனது. மச்சானின் முகம் செத்துப்போயிற்று. படகைத் திருப்பியபோது அவருடைய தங்கூசி நூல் என் தூண்டிலில் சிக்கியது. இழுத்தேன். தடி வந்தது, மீன் இல்லை.

ஈரத் தடியை நீட்டி, “இந்தாங்கோ மச்சான், கக்கூஸ் பைப்புக்குள்ள வையுங்கோ” என்றேன்.

வாங்கி வைத்தார். கரை வரும்வரை அது அசையவில்லை.

தாங்கி வாங்கும்போது பளபளப்பைப் பார்க்காதீர்கள், பிடியைப் பாருங்கள். இன்னொன்று: அந்தத் தடி கடலிலேயே போயிருந்தால் எனக்கு இவ்வளவு இனித்திருக்காது.