யாரும் கூப்பிடாத நாற்காலி

குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படித்த வருஷம், குன்னத்திலிருந்து பெரம்பலூர் நூலகத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். சமையலை முடித்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கிளம்புவேன். வாசிப்பு அறையில் ஜன்னலோரம் ஒரு நாற்காலி எனக்கு வழக்கமாகிவிட்டிருந்தது. மற்றவர்களும் அதை விட்டுவைப்பார்கள்.

வெங்காயம் அறுவடைக்கு வந்த சமயம், கணவர் எனக்குப் புதிய போன் வாங்கித் தந்தார். பாடப்புத்தகம், பழைய வினாத்தாள், வகுப்பு வீடியோ எல்லாவற்றையும் அவரே இறக்கி வைத்திருந்தார். "இனிமே நீ பஸ்ஸுல இடிபட வேணாம். லைப்ரரியே வூட்டுக்கு வந்துடுச்சு பாரு" என்றார். மனுஷன் ஆசையாகத்தான் செய்தார். எனக்குத்தான் வீட்டில் படிக்க விடுவார்களா என்று பயம்.

நூலகம் போவது நின்றது. பயந்தபடியே ஆயிற்று. எங்கள் வீட்டில் போனோடு உட்கார்ந்திருப்பவள் சும்மா இருப்பவள். அதற்குள் உலகத்துப் புத்தகம் அத்தனையும் இருந்தாலும் பார்க்கிற கண்ணுக்கு அது போன்தான். ஒரு பக்கம் முடிவதற்குள் மாமியாரின் குரல் வரும். "சும்மாத்தான இருக்க, வந்து வெங்காயத்துக்குத் தாள் அறும்மா." வெங்காயத்தின் காய்ந்த தாளை அறுத்துப் போட்டுவிட்டு வந்தால், அடுத்த பக்கத்தில் டீ. அதற்கடுத்த பக்கத்தில் ஆடு அவிழ்த்துக்கொண்டு ஓடியிருக்கும். இப்படியே போனால் பரீட்சை அம்போ என்று தெரிந்துவிட்டது.

ஒருநாள் மாமியாரைக் கண் பரிசோதனைக்குப் பெரம்பலூர் அழைத்துப் போனேன். கண்ணாடி தயாராகச் சாயங்காலம் ஆகும் என்றார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. நூலகத்துக்குக் கூட்டிப்போய் என் நாற்காலியில் உட்காரவைத்தேன். எதிரே சில பெண்கள் தலைகுனிந்து படித்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் கையில் போன்.

"இங்கயும் போனத்தான பாக்குறாளுவ. இதுக்கு எதுக்கு பஸ்ஸு ஏறி வரணும்?" என்று என் காதோரம் கேட்டார்.

நியாயமான கேள்வி. ஒரு புத்தகத்தை எடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் நெளிந்தார். யாரோ கூப்பிட்டதுபோல் இரண்டொரு தரம் வாசலைப் பார்த்தார். பிறகு கால்களை நாற்காலிமேல் மடித்துக்கொண்டு, படம் போட்ட பத்திரிகை ஒன்றை மடியில் விரித்தார். மருந்து விட்ட கண்ணுக்கு எழுத்து தெரிந்திருக்காது. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வேலையில்லாமல் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

"அத்த, கெளம்பலாமா?"

"இரு, வெயில் தாழட்டும்."

வெயில் எப்போதோ தாழ்ந்திருந்தது.

கண்ணாடியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். குன்னத்தில் இறங்கி நடக்கும்போது அவர் சொன்னார். "கல்யாணம் ஆயி வந்ததுலேருந்து, இவ்வளவு நேரம் யாரும் எனக்கு ஒரு வேல சொல்லாம இருந்ததே இல்ல."

சற்று தூரம் போனபின், "நாளைக்கு நீ பஸ்ஸுக்குப் போ. தாள் நான் அறுத்துக்கறேன்" என்றார்.

போனேன். அந்த நாற்காலியில் உட்காரத்தான் முதல்முறையாகக் கூச்சமாக இருந்தது.