எங்கள் வீட்டுக்கு எஃப் போட்ட தர்மலிங்கம் அண்ணை

செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்தபோதுதான் கோயில் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. தர்மலிங்கம் அண்ணை போய்விட்டார். கோட்டும் டையும் போட்ட படம் ஒன்றைப் போட்டிருந்தார்கள். அவரைத் தெரிந்த உங்களுக்கும் அதைப் பார்த்ததும் என்னைப் போலவே கொஞ்சம் கோபம் வந்திருக்கும். முழங்காலில் தூசியும் நெற்றியில் கட்டிய டோர்ச்சும் இல்லாமல் அவரை நாம் எப்போது கண்டோம்?

வீடுகளுக்கு எரிசக்தித் தரம் போடுவது அவருடைய தொழில். வீட்டில் எவ்வளவு சூடு வீணாகிறது என்று பார்த்து ஏ முதல் ஜி வரை ஓர் எழுத்தைக் கலர் பேப்பர் ஒன்றில் போட்டுக் கொடுப்பார். ஏ என்றால் நல்ல வீடு. ஜி என்றால் காசைக் கொட்டித் தெருவைச் சூடாக்குகிறீர்கள் என்று அர்த்தம். கோயில் அன்னதானத்திலும் அவருக்கு இதே கதைதான். வட லண்டன் எட்மண்டனில் வீடு வாங்கப் போகிற புதுத் தம்பதி ஒன்று அடுப்பும் அலமாரியுமாகக் குசினிப் படங்களை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தபோது, "குசினியைப் பிறகு பாப்பம், முதல் அந்தக் கலர் பேப்பரைக் காட்டுங்கோ" என்றார். பெண்ணைப் பார்க்கக் கூப்பிட்டால் சாதகத்தைக் கேட்கிற மனிதர் என்று என் கணவர் பகிடி விட்டார். அண்ணையும் சேர்ந்து சிரித்தார். ஆனால் பேப்பரைப் பார்க்காமல் விடவில்லை.

எனக்கும் அவருக்கும் பழக்கம் சண்டையில்தான் தொடங்கியது. கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற இடத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்குத் தரம் போட வந்தார். இங்கே வாடகைக்கு விடும் வீடு ஆகக் குறைந்தது ஈ தரமாவது எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் விற்றுவிடப் போவதாக வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். அவரும் எங்கள் ஊர்ப்பக்கம்தான், சொன்னால் சொன்னதுதான். மகள் அப்போதுதான் பதினொரு வயதில் தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தாள். வீட்டுக்குள் மட்டுமே பேசிக்கொண்டிருந்தவள் வெளியிலும் வாய் திறக்கத் தொடங்கியிருந்தாள். நாங்கள் கொடுத்த வாடகைக்கு அந்தப் பக்கத்தில் வேறு வீடு கிடைக்காது.

அண்ணை அறை அறையாக அளந்தார். ஏணி வைத்துக் கூரையடி லொஃப்டுக்குள் ஏறினார். இறங்கி வந்து எஃப் என்றார். கூரைக்குக் கீழே குளிரைத் தடுக்கும் பஞ்சு ஒரு விரற்கடைகூட இல்லையாம். நான் வெட்கத்தை விட்டுக் கேட்டேன், ஈ என்று எழுதிவிடுங்கள், யாருக்குத் தெரியப்போகிறது என்று. வீட்டுக்காரர்கள் இப்படிக் கேட்பது அவருக்குப் பழக்கம். குளிரில் கிடக்கிறவளே கெஞ்சியது புதிதாக இருந்திருக்க வேண்டும். நெற்றி டோர்ச்சைக் கழற்றிவிட்டுச் சொன்னார்.

"ஏலாது, தங்கச்சி. இந்தப் பேப்பர் பத்து வருசத்துக்குச் செல்லும். என்ர பேரைக் காட்டிப் பத்து வருசமும் உங்கட பிள்ளையைக் குளிரில படுக்க விடுவினம்."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நியாயம் பேச உங்களுக்குச் சொந்த வீடு இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். ஒரு தேத்தண்ணிகூடக் கொடுக்கவில்லை. அவர் புறப்படவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து வீட்டுக்காரருக்கு ஃபோன் எடுத்தார்.

லொஃப்ட் முழுக்க வீட்டுக்காரரின் பெட்டிகள். என்றைக்காவது ஊருக்குத் திரும்பும்போது கொண்டுபோக என்று அவர் லண்டன் வந்த காலத்திலிருந்து கட்டி வைத்தவை. பீங்கான் கோப்பைகள், தையல் மெசின், யாழ்ப்பாணத்து வெயிலுக்கு எதற்கென்று தெரியாத கம்பளிப் போர்வைகள். அவற்றை அசைக்க அவர் விடாததால், பஞ்சு விரிக்க வந்தவர்களும் முன்பு ஒருமுறை திரும்பிப் போயிருந்தார்கள். கவுன்சில் உதவி, செலவு, சட்டம் என்று அண்ணை அரை மணி நேரம் எடுத்துச் சொன்னார். அந்தப் பக்கம் அசையவில்லை. கடைசியில் அண்ணை குரலைத் தாழ்த்தினார்.

"ஐயா, நீங்கள் திரும்பிப் போகக் கட்டி வச்ச பெட்டியளுக்குக் கீழதான் இந்தப் பிள்ளை படுக்குது. அது எங்கயும் போகப் போறேல்லை. இஞ்சதான் வளரப் போகுது."

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் வந்தார். அண்ணையும் என் கணவரும் பெட்டிகளை இறக்க, அவர் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்துத் தான் கொண்டுவந்த வான் வண்டியில் ஏற்றினார். மாதக் கடைசிக்குள் பஞ்சு விரித்து, சுடுதண்ணித் தொட்டிக்கும் உறை போட்டாயிற்று. அண்ணை மறுபடி வந்து பஞ்சின் உயரத்தை அளந்து, படம் எடுத்து, ஈ கொடுத்தார். அந்த வீட்டிலிருந்துதான் மகள் பல்கலைக்கழகம் போனாள்.

முதல் நாள் நான் அவரிடம் என்ன கேட்டேன் என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. இன்று நானே சொல்லிவிட்டேன்.

இப்போது நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை செய்கிறேன். பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கே முதலிடம் என்பதால், விலாசத்தைக் கொஞ்சம் மாற்றி எழுதிப் பிள்ளைக்கு இடம் தரச்சொல்லித் தாய்மார் வருவார்கள். அழுவார்கள், ஏசுவார்கள். முடியாது என்றுதான் சொல்கிறேன். சொன்ன பிறகு என் கதிரையை இழுத்து அவர்களுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, மற்றப் பள்ளிகளுக்கு ஒவ்வொன்றாக ஃபோன் எடுக்கிறேன். அண்ணையிடமிருந்து நான் வைத்திருப்பது இவ்வளவுதான், "ஏலாது" என்று சொன்ன இடத்திலேயே உட்கார்ந்திருப்பது.