மூச்சு மெஷினை எந்தப் பெட்டியில் வைத்தேன்?

சுங்க அதிகாரிகளை ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டு, பெற்ற அப்பாவின் மூச்சை இட்லிக் கொப்பரைக்குள் ஒளித்துவைத்தவன் நான். இதைப் பட்டென்று சொல்லிவிடுவதுதான் நல்லது. சுற்றி வளைத்தால் என் பக்கமும் ஏதோ நியாயம் இருப்பதுபோல் தோன்றிவிடும்.

சென்ற ஆண்டு ஆடி மாதம் நடந்தது. தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில் எங்கள் வீடு. மனைவிக்கு ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்து, நாங்கள் இருவரும் மகளும் குடிபெயர்வதாக ஏற்பாடு. அப்பாவுக்கு விசா இல்லை; வீரகேரளம்புதூரில் என் தங்கை வீட்டில் இருப்பார். எழுபத்தெட்டு வயது, நாள்பட்ட மூச்சிரைப்பு. சாரல் விழுந்தால் ஊர் ஊராகக் கிளம்பி அருவியில் குளிக்க வருவார்கள். அப்பா மட்டும் நெபுலைசர் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். மருந்தைப் புகையாக்கி மூச்சில் ஏற்றும் சின்ன மெஷின் அது.

மகளுக்கும் குளிர்ந்தால் இளைப்பு வரும். புது ஊரில் மெஷினுக்கு அலைய வேண்டாம், இதையே கொண்டுபோவோம், அப்பாவுக்குப் புதிதாக ஒன்று வரவழைத்துக் கொடுப்போம் என்று யோசனை சொன்ன புத்திசாலியும் நானே.

அப்பா மறுக்கவில்லை. "கொண்டு போலே. பிள்ளைக்கு வேணும்லா" என்றார்.

புது மெஷின் மறுநாள் கூரியரில் வருவதாக இருந்தது. ஒரு நாள்தானே என்று பழையதைக் கப்பல் சாமான்களோடு கட்டிவிட்டேன். விமானத்தில் கையோடு கொண்டுபோயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கதை கேட்ட எல்லோருக்கும் அது தோன்றியது. எனக்குத்தான் தோன்றவில்லை.

கப்பலில் போகும் சாமானுக்குப் பெட்டிவாரியாகப் பட்டியல் தர வேண்டும். மருத்துவக் கருவி என்று எழுதினால் ஆஸ்திரேலியத் துறைமுகத்தில் பிரித்துப் பார்ப்பார்கள், வாரக்கணக்கில் தாமதமாகும் என்று வாட்ஸப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். அலமாரி அலமாரியாகப் புத்தகம் படித்தவன், அதை அப்படியே நம்பினேன். மெஷினைத் துண்டில் சுற்றிக் கொப்பரைக்குள் இறக்கி, பெட்டிமேல் 'சமையலறைச் சாமான்' என்று எழுதி, மூன்று சுற்று டேப் ஒட்டினேன். மொத்தம் நாற்பத்து மூன்று பெட்டிகள். பதினொரு பெட்டிகளின்மேல் அதே 'சமையலறைச் சாமான்'தான்.

பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி மூட்டை தூக்கும் நான்கு பேர் வந்து லாரியில் ஏற்றினார்கள். தூத்துக்குடி போகவேண்டிய லாரி தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. டிரைவர் சாவியோடு புரோட்டா சாப்பிடப் போயிருந்தார். கடைசிப் பெட்டி ஏறியபோது வீட்டுக்குள் அப்பாவுக்கு இழுக்க ஆரம்பித்தது.

மிச்சமிருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில், முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து உட்கார்ந்திருந்தார். வாயில் அடிக்கும் பம்ப்பை இரண்டு முறை அடித்தும் அடங்கவில்லை. மெஷினில் ஊற்றும் மருந்துக் குப்பிகள் அவருடைய சட்டைப் பையில் பத்திரமாக இருந்தன. வீடு காலியாக இருந்ததால் அந்த இழுப்பு ஒவ்வோர் அறையிலும் கேட்டது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தோம். சீசன் கூட்டத்தில் வண்டி நகரவில்லை என்றார்கள். லாரியைத் தாண்டி ஆட்டோவும் உள்ளே வர முடியாது.

"எந்தப் பெட்டிங்க?" என்று மனைவி என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"சமையலறைச் சாமான்."

"அது பதினொண்ணு இருக்கு!"

கத்தியோடு லாரியில் ஏறினேன். முதல் பெட்டியில் டம்ளர்கள். அடுத்ததில் மிக்ஸி. மூன்றாவதில் டேப்பைக் கிழிக்கவே முடியவில்லை. நான் ஒட்டியது அல்லவா. உள்ளே தோசைக்கல். வாசலிலிருந்து மனைவி, "உதடு நீலமாயிட்டுது" என்று கத்தினாள். அடுத்த பெட்டியில் கத்தி இறங்கவே இல்லை.

மூட்டை தூக்குபவர்களில் மூத்தவர், என் வயதுதான் இருக்கும், மேலே ஏறி வந்தார்.

"தள்ளுங்க அண்ணாச்சி. கத்தியக் கீழ போடுங்க. மெஷினு எதுக்குள்ள இருக்கு?"

"இட்லிக் கொப்பரைக்குள்ள. துண்டு சுத்தியிருக்கேன்."

"அப்போ அதுதான். காலைல தூக்கும்போதே உள்ள திம்முனு ஒண்ணு அசைஞ்சுது. பாத்திரம்னா கலகலங்கும்லா. என்னமோ எழுதிருக்காவ, நமக்கென்னன்னு வச்சிட்டேன்."

மேலே அடுக்கியிருந்தவற்றை இழுத்துத் தெருவில் எறிந்தார். ஏதோ உடைந்தது. ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கி, மார்போடு அணைத்து ஒரு குலுக்கு, கீழே. இன்னொன்று, ஒரு குலுக்கு, கீழே. ஆறாவதைக் கீழே வைக்கவில்லை. அப்படியே அணைத்துக்கொண்டு குதித்து வீட்டுக்குள் ஓடினார்.

மனைவி மாஸ்க்கை மாட்டினாள். மெஷின் இரைய ஆரம்பித்தது. அப்பாவின் நகங்களில் நிறம் திரும்ப எவ்வளவு நேரம் ஆனதென்று தெரியாது. அதுவரை அந்த நான்கு பேரும் வேர்வையில் நனைந்த தோள்துண்டைக் கையில் பிடித்தபடி சுவரோரம் நின்றார்கள். பிறகு வந்த ஆம்புலன்ஸில் போய், இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து, அப்பா வீரகேரளம்புதூர் போனார். மெஷினும் அவரோடு போனது.

விமானம் ஏறுவதற்கு முந்தைய நாள் பாவூர்சத்திரம் சந்தைக்குப் போய் அந்த மூத்தவரைத் தேடிப் பிடித்தேன். நான் எழுதியதை நம்பியிருந்தால் அப்பா இன்று இல்லை, உங்கள் கைதான் காப்பாற்றியது என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். கண்கூடக் கலங்கியது. அன்றிலிருந்து எதை எழுதினாலும், இதை நம்பி யாருக்காவது மூச்சு நின்றுவிடுமோ என்று ஒரு பயம் எனக்கு இருக்கிறது என்றேன். அந்தப் பயம் இங்கே, ஆஸ்திரேலியாவிலும் விடவில்லை.

அவர் வெங்காய மூட்டையைத் தோளில் சரிசெய்துகொண்டே எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"அது சரி அண்ணாச்சி, அடுத்த தடவ உங்க அப்பாவுக்கு இழுக்கும்போது நீங்க எங்கன இருப்பிய?"