குடிபாலா கீப்பரை யார் காட்டிக்கொடுத்தது?

எங்கள் வட்டாரக் கால்பந்துப் போட்டிக்கு ஏலம் கிடையாது. திருப்பதியில் ஒரு மண்டபத்தில் எல்லா அணிகளும் கூடி, சீட்டுக் குலுக்கிய வரிசைப்படி ஆட்டக்காரர்களை எடுத்துக்கொள்ளும். டிராஃப்ட் என்று பெயர். எங்கள் சித்தூர் அணி யாரை எடுக்கும் என்று ஒரு மாதம் முன்பிருந்தே சோறு தண்ணி மறந்து கணித்துக்கொண்டிருப்பது என் வேலை. கூட்டாளி, என் தங்கை வீட்டுக்காரர்.

போன வருடம் நாயுடுபேட்டையில் ஒரு ஃபார்வர்டை நாங்கள் இருவரும்தான் கண்டுபிடித்தோம். எங்கள் மேனேஜர் காதில் போட்டதும் நாங்கள்தான். எங்கள் முறைக்கு முந்தைய முறையில் திருப்பதி அணி அவரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. எனக்குப் பொறி தட்டியது. மாப்பிள்ளைக்கு வேலை திருப்பதியில், வீடும் திருப்பதியில். சங்கராந்திக்கு அவர் எங்கள் வீட்டுப் பக்கமே வராதபோது சந்தேகம் உறுதியாகிவிட்டது. தங்கை மட்டும் வந்து, "அவருக்கு லீவு இல்லண்ணா" என்றாள். நான் நம்பவில்லை.

இந்த வருடம் குடிபாலாவில் ஒரு கோல்கீப்பர். அவன் கிடைக்காவிட்டால் எங்கள் அணி இந்த முறையும் மண்ணைக் கவ்வும். டிராஃப்ட் அன்று, வழக்கம்போல மண்டபத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் இருவரும் உட்கார்ந்தோம். தெலுங்கில் பேசினால் அக்கம்பக்கத்துக்குப் புரிந்துவிடும் என்று, ஆட்டக்காரர் பேச்சு வந்தால் மட்டும் நாங்கள் தமிழுக்குத் தாவிவிடுவோம். போன வருடமும் அப்படித்தான்.

"மொத ஆளு யாரு மச்சான்?" என்றார் மாப்பிள்ளை.

"நீ சொல்லு மாப்ள, பாப்போம்."

"நீ இன்னாத்துக்கு மறைக்கிற?"

அவர் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் போனைப் பார்த்தார். எனக்கு வாய் நிற்கவில்லை. எந்த ரசிகனுக்குத்தான் நிற்கும்?

"குடிபாலா கீப்பர்தான். அவன் நிக்கிற கோல்ல காத்துகூடப் பூராது. மேனேஜர் கையில சொல்லிட்டேன்."

பக்கத்து மேஜையில் தெலுங்குப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். நான் அவரைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. என் கண் முழுக்க மாப்பிள்ளையின் போனில்.

மண்டபத்தில் எங்களுக்கு முன்னால் மறுபடியும் திருப்பதி முறை. குடிபாலா கீப்பர் என்று மைக்கில் கேட்டது. மாப்பிள்ளையை முறைக்கத் திரும்பினேன். அவர் ஏற்கெனவே என்னை முறைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது திருப்பதி அணியின் மேஜையிலிருந்து அந்தப் பேப்பர்காரர் எழுந்து வந்து எங்கள் இருவர் கையையும் பிடித்துக் குலுக்கினார்.

"ரொம்ப தேங்க்ஸுண்ணா. போன வருசமும் உங்க புண்ணியந்தான். நமுக்கு சொந்த ஊரு புத்தூரு, வூட்ல தமிழுதான்."

மாப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டார். "அய்யோ மச்சான், ஒரு வருசமா உன்மேலதான் டவுட்டு பட்டுக்கினு இருந்தேன். அதான் சங்கராந்திக்குக்கூட வரல."

கீப்பர் போனதே எனக்கு மறந்துவிட்டது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னையா? உனுக்குப் பொண்ணு குடுத்தவன் நானு! என்னைப் போயி சந்தேகப்பட்டியா?"

தமிழில்தான் கத்தினேன். மண்டபத்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.